மருந்து வைத்த மக்காச்சோளம்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போங்கள் என்று உங்கள் துறைத்தலைவர் கூப்பிட்டிருந்தார். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டால் பழம்பெருமை பேசியே பொழுதை ஓட்டிவிடுவாள் என்று உங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும். பேசுகிற மாதிரி பெருமை என்னிடம் ஒன்றும் இல்லை. உணவுச் சங்கிலி, உணவு வலை, தாங்குதிறன் இதையெல்லாம் எப்படி நடத்துவது என்று சொல்லவும் நான் வரவில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சங்கரன்கோவிலில் இந்தப் பாடத்தை நடத்திய அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளை நீங்கள் முதல்முறை களத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இரண்டாம் ஆண்டில் மாரிச்செல்வி என்று ஒரு பெண். திருவேங்கடம் பக்கம் ஒரு மானாவாரி ஊர். ஊர்ப்பேர் வேண்டாம். தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவாள். வகுப்பில் கையைத் தூக்காமலே கேள்வி கேட்கிற பிள்ளை. உணவு வலை நடத்திக்கொண்டிருந்தபோது ஒருநாள் அப்படித்தான் கேட்டாள்.

"மேடம், மயிலைத் திங்கது எது?"

முட்டையையும் குஞ்சையும் நரி தின்னும், காட்டுப்பூனை தின்னும், கீரி தின்னும் என்றேன்.

"எங்க ஊர்ல நரியே இல்லையே மேடம்."

"அதனாலதான் மயில் இவ்வளவு இருக்கு."

நரி போனது மட்டும் காரணம் இல்லை, சீமைக்கருவேல் புதர் மயிலுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது, மக்காச்சோளம் வந்தபிறகு வருஷத்தில் பாதி நாள் தீனிக்குப் பஞ்சம் இல்லை என்று பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ எங்க அப்பா என்ன செய்யணும் மேடம்? ரெண்டு வாட்டி வெதைச்சதையும் கிளறித் தின்னுட்டு."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வேலி, வலை, காவல் என்று நான் ஏதோ சொன்னேன். அதெல்லாம் எட்டுகிற காரியமில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மணி அடித்து வெளியே வந்தபோது, "ஒருநாள் எங்க ஊருக்கு வந்து பாருங்க மேடம்" என்றாள். அந்தப் பருவத்துக் களப்பயணத்தை அவள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

கார்த்திகை மாசம். முந்தின இரண்டு நாளும் மழை பெய்து அன்று காலையில்தான் வெறித்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டுக்குள், அதாவது மானாவாரி நிலத்துக்குள், நடந்தோம். கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். இரண்டு எட்டு வைத்ததும் செருப்போடு சேர்த்து ஒரு கிலோ மண் ஏறிக்கொண்டது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சிரித்தபடிதான் எல்லாரும் நடந்தார்கள். மாரிச்செல்வி முன்னால் போனாள். அவள் வளர்ந்த காடு, அவளுக்கு எங்கே மிதிக்க வேண்டும் என்று தெரியும்.

முதல் மயிலை ஒரு வரப்போரம் பார்த்தோம். பெட்டை. கழுத்து ஒருபக்கம் மடங்கிக் கிடந்தது. நாலு எட்டு தள்ளி இன்னொன்று. பிறகு ஒரு ஆண்மயில், தோகை சேற்றில் அப்பிக் கிடந்தது. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் தொடப் போனான், கையைத் தட்டிவிட்டேன். கௌதாரிகளும் விழுந்து கிடந்தன. ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. கால் வெட்டிவெட்டி இழுத்தது.

பூச்சிமருந்து என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இப்படி ஒன்றைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எதையும் தொடாதே, படம் எடு, வனத்துறைக்குச் சொல். நான் கைபேசியை எடுத்து எண்ணையும் தேடிவிட்டேன்.

அப்போது எங்களோடு வந்திருந்த அந்தோணி என்கிற மாணவன் கூப்பிட்டான். டவுனில் கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன், எதையும் பதறாமல் சொல்வான். "மேடம், இங்கன வந்து பாருங்க."

பக்கத்துத் தரிசில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், வலையும் கம்பும் மட்டும் நின்றன. ஓரமாக ஒரு நாய் செத்துக் கிடந்தது. வாயில் நுரை. நாய்க்குப் பக்கத்தில் கௌதாரி இறகு ஒரு கும்பல். அதற்கும் பக்கத்தில் மூன்று கல் வைத்துத் தீ மூட்டின இடம். சாம்பல் இன்னும் சுட்டது.

நான் கைபேசியை மூடிப் பைக்குள் போட்டேன்.

இதை உங்களுக்கு நிறுத்திச் சொல்ல வேண்டும். விழுந்த பறவைகளை யாரோ பொறுக்கி, அங்கேயே உரித்துச் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். குடலைத் தின்ற நாய் செத்துவிட்டது. அப்படியென்றால் கறி எங்கே? நாம் வகுப்பில் சங்கிலி வரையும்போது ஒவ்வொரு பிராணியிலிருந்தும் அடுத்ததுக்கு அம்பு போடுகிறோம் இல்லையா, அந்த அம்பு அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டு அடுப்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. வனத்துறைக்கு அரைமணி கழித்துச் சொன்னாலும் செத்த மயில் செத்த மயிலாகத்தான் இருக்கும். அடுப்பில் இருக்கிறது அப்படி இல்லை.

"இது யாரு கிடை?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் மாரிச்செல்வி வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் நாலு மக்காச்சோள மணி. தண்ணீரில் ஊறி உப்பிய மணிகள். கிட்டப் போனதும் நாற்றம் அடித்தது.

"கீழ போடு. கையைக் கழுவு முதல்ல."

ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். மாரிச்செல்வி கையை நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "நேத்து எங்க அப்பா வீட்ல ஊறப் போட்டிருந்தாக மேடம். வெதைன்னுதான் நெனைச்சேன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அது அவர்கள் நிலம். நாங்கள் நின்றுகொண்டிருந்தது அவள் அப்பா கருப்பசாமியின் காடு.

அதைப் பற்றி அப்போது பேச நேரமில்லை. "கிடை யாரோடது?" என்று திரும்பக் கேட்டேன்.

"சுடலை மாமாவோடது. போன் வச்சுக்கிட மாட்டாக. வீட்ல பேச்சி அத்தைதான் இருப்பாக."

அந்தோணியையும் இன்னும் இரண்டு பையன்களையும் ஆட்டுத்தடம் பார்த்து ஆளைத் தேடச் சொன்னேன். "கண்டதும் எனக்குப் போன் பண்ணு. அவர் நல்லா இருந்தாலும் தனியா விடாதே." மற்றவர்களைக் காட்டைவிட்டு வெளியே சாலைக்குப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, நானும் மாரிச்செல்வியும் ஊருக்கு ஓடினோம். ஓடினோம் என்று சொல்கிறேன், அந்த மண்ணில் யாரும் ஓட முடியாது. கனவில் கால் நகராமல் தவிப்போமே, அந்த மாதிரி.

சுடலை வீட்டுக்கு மட்டும் போய்ச் சொன்னால் போதாது. மழை வெறித்ததும் விடிகாலையில் காட்டுக்கு எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள், யார் யார் கையில் எத்தனை பறவை கிடைத்ததோ தெரியாது. ஐயப்பன் பஜனைக்காக அம்மன் கோவிலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மைக் வைத்திருந்த அறைச் சாவி பக்கத்துக் கடைக்கார அண்ணாச்சியிடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேள்வி கேட்காமல் திறந்துவிட்டார்.

நான் மைக்கைக் கையில் எடுத்தேன். மாரிச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பேசுதேன் மேடம்."

"வேண்டாம்மா. நான் சொல்லிக்கிடுதேன்."

"நீங்க சொன்னா மயிலுக்காகச் சொல்லுதீகன்னு நெனைப்பாக. மயில் கறி வச்சிருந்தா கேஸுன்னு எல்லாருக்கும் தெரியும். எடுத்தவக ஒளிச்சு வைப்பாகளே தவிர கீழ ஊத்த மாட்டாக."

அவள் சொன்னது சரி. எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் எந்த வீட்டிலோ கொதிக்கிற சட்டி. இன்னொரு பக்கம் பத்தொன்பது வயசுப் பெண். ஊர்நடுவில் நின்று அவள் பேசினால் அது அவளோடு எவ்வளவு தூரம் வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மைக்கை அவளிடம் கொடுத்தேன். "காட்டுல மருந்து வச்சிருக்கு, யாரும் கறியைத் திங்காதீகன்னு மட்டும் சொல்லு. அப்பா பேரை எடுக்காதே" என்றேன்.

அப்படியேதான் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். வெளியே எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு பெண் குடத்தோடு நடந்து போனாள். கடைக்கார அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"ஏட்டி, இப்படிச் சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாக. வருஷா வருஷம் ஆபீஸ்காரக வந்து சொல்லிட்டுப் போறதுதான இது. பயங்காட்டுதாகன்னு விட்டுருவாக."

மாரிச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான் கருப்பசாமி மக மாரிச்செல்வி பேசுதேன். மருந்து வச்சது எங்க அப்பா. எங்க காட்டுலதான் வச்சிருக்கு. நேத்து சோளத்தை ஊறப் போட்டதை நான் என் கண்ணால பாத்தேன். சுடலை மாமா நாய் செத்துக் கெடக்கு. மயிலோ கௌதாரியோ யாரு எடுத்திருந்தாலும் கீழ ஊத்திருங்க. சின்னப் பிள்ளைகளுக்குக் குடுத்திராதீக. பேச்சி அத்தை, அடுப்புல இருந்தா எறக்கிருங்க. அத்தை, கேக்குதா? எறக்கிருங்க."

மைக்கை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அதன்பிறகு ஊர் அசைந்தது. கதவுகள் திறந்தன. ஒரு அம்மாள் மூடி போட்ட பாத்திரத்தைத் தெருவில் கொண்டுவந்து கவிழ்க்கப் போனாள். நாய் தின்னும், கோழி தின்னும், குழி தோண்டிப் புதையுங்கள் என்று கத்தினேன். இரண்டு மூன்று வீட்டிலிருந்து பறவைகள் வெளியே வந்தன. ஒரு வீட்டில் மயிலே இருந்தது, உரிக்காமல், சாக்குக்குள். கொண்டுவந்து போட்ட ஆள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தோணியின் போன் வந்தது. "ஆளைக் கண்டுட்டோம் மேடம். வேலமரத்தடியில கெடக்காரு. வாந்தி எடுத்திருக்காரு. வாயெல்லாம் எச்சில் ஒழுகுது. பேச்சு வரல."

கறி வீட்டுக்குப் போயிருந்தது, ஆனால் ஈரலையும் இரைப்பையையும் அவர் கிடையிலேயே தீயில் வாட்டித் தின்றிருக்கிறார். பறவை தின்ற தானியம் போய்ச் சேருகிற இடமே அதுதான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆம்புலன்ஸ் காட்டுக்குள் வராது. பைக்கும் போகாது. பம்புசெட்டில் கிடந்த ஒரு கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆட்கள் போனார்கள். அந்தச் சேற்றில் கட்டிலோடு அவரைச் சாலைக்குக் கொண்டு வருவதற்குள் என் உயிர் போய்விட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். அந்தோணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் போனான். கிளம்பும்போது, "என்ன மருந்துன்னு கேப்பாக மேடம்" என்றான். அதுதான் அடுத்த வேலை.

கருப்பசாமி வீடு கோவில் தெருக்கோடியில். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். மகள் பேசினதை அவரும் கேட்டிருப்பார் இல்லையா. நான்தான் தட்டினேன். மாரிச்செல்வி வாசலோடு நின்றுவிட்டாள்.

ஒல்லியான மனிதர். பயந்த முகம். கொலை செய்கிற முகம் என்று நீங்கள் எதை நினைத்து வைத்திருக்கிறீர்களோ அது இல்லை. என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழக்கம் அப்படி.

"அண்ணாச்சி, உக்கார நேரமில்லை. சுடலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் அதுக்கேத்த ஊசி போட முடியும். டப்பா எங்க?"

அவர் நாற்காலியைத் துண்டால் மறுபடியும் துடைத்தார்.

"அண்ணாச்சி."

"நான் சுடலைக்கு வைக்கல டீச்சர்" என்றார். "அவன் எனக்குக் கூட்டாளி. எங்க காட்டுலதான் கிடை போடுவான். நான் மயிலுக்குத்தான் வச்சேன். மூணாந்தரம் வெதைக்க என்னால முடியாது."

"தெரியும். டப்பா எங்க?"

"எடுத்துக் குடுத்தா என் மேல கேஸ் வருமா?"

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். அவர் கேட்டது சின்னக் கேள்வி. வராது அண்ணாச்சி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே டப்பா என் கைக்கு வந்திருக்கும். ஒரு உயிருக்காக ஒரு பொய் என்றால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் வாசலில் அவர் மகள் நின்றாள். உண்மையைச் சொன்னதற்கு அவள் என்ன விலை கொடுக்கப் போகிறாள் என்று எனக்கு அரைகுறையாகவாவது தெரியும். அவள் கண்ணெதிரே அவள் அப்பாவை ஏமாற்றி அதை வாங்க எனக்கு மனசு வரவில்லை. மகளும் டீச்சரும் சேர்ந்து ஏமாற்றினார்கள் என்று அவர் ஆயுசு முழுக்க நினைப்பார். இன்னொன்றும் உண்டு. அந்த ஊரில் நாளைக்கு இன்னொரு வீட்டுக் கதவை இதே காரியத்துக்காகத் தட்ட வேண்டிவந்தால், பொய் சொல்லி வாங்கினவளுக்குக் கதவு திறக்காது.

"கேஸ் வரும் அண்ணாச்சி" என்றேன். "மயிலுக்கு வரும். அதை என்னால தடுக்க முடியாது. நானே போன் பண்ணிச் சொல்லத்தான் போறேன். ஆனா இந்த டப்பாவை நீங்களா எடுத்துக் குடுத்தீகங்கிறதையும் நான் சொல்லுவேன், யாரு கேட்டாலும் சொல்லுவேன். சுடலை பிழைச்சா அது உங்களால. இப்போ ஒளிச்சு வச்சு அவர் போயிட்டா, அப்புறம் உங்களுக்குத் தூக்கம் வராது."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகப் பேசிவிட்டோமோ, ஒரு ஆளின் உயிர் என் நேர்மைக்காகப் போகிறதோ என்று பயந்தேன். வாசலிலிருந்து மாரிச்செல்வி, "அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எழுந்து போய், தொழுவத்துக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். அதன்மேல் இருந்த மருந்துப் பேரைப் படம் எடுத்து அந்தோணிக்கு அனுப்பினேன். அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே படம் டாக்டர் கையில் இருந்தது. சரியான முறிவு மருந்தைத்தான் கொடுத்தார்கள். அதில் யாரும் எந்தக் குறையும் வைக்கவில்லை. பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் சுடலை இறந்துவிட்டார்.

சரியாகச் செய்தால் நல்லபடியாக முடியும் என்று நம்பித்தான் நாம் எல்லாரும் வேலைக்கு வருகிறோம். முடிவதும் உண்டு. அன்று முடியவில்லை. அந்தப் பெண் சரியாகச் செய்தாள், அந்தோணி சரியாகச் செய்தான், கட்டிலைச் சுமந்தவர்கள் செய்தார்கள், கடைசியில் கருப்பசாமியும் செய்தார். விஷம் எங்களுக்கு முன்னால் கிளம்பியிருந்தது.

வனத்துறைக்கு நான் அன்றே போன் பண்ணிச் சொல்லியிருந்தேன். கருப்பசாமியைக் கைது செய்தார்கள். நான் சொன்னபடி, டப்பாவை அவராகக் கொடுத்தார் என்று கேட்ட இடத்தில் எல்லாம் சொன்னேன். அது எவ்வளவு உதவியது என்று தெரியாது. ஊரின் கோபம் அவர் மேல் ரொம்ப நாள் நிற்கவில்லை. அவரும் மயிலால் அழிந்தவர்தானே, பாதிப் பேர் மனசுக்குள் நினைத்ததைத்தானே அவர் செய்தார். கோபம் மகள் மேல் திரும்பியது. பெற்ற அப்பனை மைக் போட்டுக் காட்டிக்கொடுத்தவள் என்று பேர் வைத்தார்கள். தங்கள் வீட்டுச் சட்டியைக் குழியில் கவிழ்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்று அந்தோணி வந்து சொன்னான். விடுதியில் இடம் வாங்கினேன். கொஞ்ச நாள் இருந்தாள். வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தது. போன் எண் மட்டும் கிடைத்தது. பேசினால், "நல்லா இருக்கேன் மேடம்" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

அடுத்த வருஷம் அந்தப் பக்கத்துக் காடுகளில் எலித்தொல்லை. ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். மருந்து தின்று ஆந்தையும் பாம்பும் செத்ததால்தான் எலி பெருகியது என்று நான் ஒரு வரி சொன்னால் போதும் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வகுப்பில் என்றால் அழகான உதாரணம். ஆனால் செத்த ஆந்தையை நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. அந்த வருஷ மழை வேறு, விதைப்பு வேறு. "இருக்கலாம், உறுதியாகத் தெரியாது" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. நம் பாடத்தில் எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்திருக்கிறது என்று சொல்வது சுலபம். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று கையை வைத்துச் சொல்வதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஊரில் ஒரு ஆள் செத்து, ஒரு ஆள் சிறைக்குப் போயிருக்கும்போது, பார்க்காத ஒன்றையும் அந்தக் குடும்பத்தின் தலையில் ஏற்ற எனக்கு என்ன உரிமை?

மயில்கள் திரும்ப வந்துவிட்டன. ஒரு இடம் காலியானால், தீனியும் மறைவும் இருக்கிறவரை, பக்கத்திலிருந்து வந்து நிரம்பும். அதையும் நாம் நடத்துகிறோம். கருப்பசாமி வெளியே வந்தபிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். காட்டைத் தரிசாகப் போட்டிருந்தார். அவர் என்னிடம் கோபமாகப் பேசவில்லை, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நீங்க மட்டும்தான் டீச்சர் எங்கிட்ட கேஸ் வரும்னு சொன்னீக. வக்கீல் கூட ஒண்ணும் வராதுன்னுதான் சொன்னாரு" என்றார். அதை நன்றி என்று எடுத்துக்கொள்வதா, வேறு என்னவென்று எடுத்துக்கொள்வதா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுடலை மனைவி பேச்சியம்மாள் என்று அவளேதான் சொன்னாள். ஆடுகளை விற்றுவிட்டாளாம். மேலநீலிதநல்லூரில் மகள் வீட்டோடு இருக்கிறாளாம். பஸ் வருகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே பேசினாள்.

"டீச்சர், அன்னைக்கு அந்தப் புள்ள மைக்ல பேசுச்சுல்லா. குழம்பு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. உப்புப் பாக்கக் கையில ஊத்தி வாய்கிட்டக் கொண்டு போயிட்டேன். பேரன் தட்டோட முன்னால உக்காந்திருக்கான். முதல்ல பேசுனப்போ நான் சட்டை பண்ணல. அப்புறம் பேச்சி அத்தைன்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பாருங்க, கையை உதறிட்டேன்."

நான் அவள் கையை விடவில்லை.

"அந்தப் புள்ளய ஊர்ல என்னெல்லாமோ சொன்னாக. எனக்கும் அப்போ அவுக அப்பன் மேல இருந்த ஆத்திரத்துல வாயைத் தெறக்கத் தோணல. இவரு போன துக்கம் வேற. இப்போ பேரன் ஸ்கூலுக்குப் போறான் டீச்சர். அவட்ட ஒரு வார்த்தை சொல்லணும். எங்க இருக்கா?"

திருப்பூரில் இருக்கிறாள் என்றேன். போன் போட்டுத் தருகிறேன், பேசுங்கள் என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. "எனக்குப் போன்ல பேசத் தெரியாது, அழுதிருவேன். நீங்களே சொல்லிருங்க" என்று ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலமே கூப்பிட்டேன். பின்னால் தையல் மெஷின் சத்தம். பேச்சியம்மாள் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல், உப்புப் பார்த்த கையையும் தட்டோடு உட்கார்ந்திருந்த பேரனையும் சேர்த்து, அப்படியே சொன்னேன். கேக்குதாம்மா என்றேன்.

"மேடம்" என்றாள் கடைசியில். "அத்தை இப்போ கறி சமைக்காகளா?"

அவளிடம் அதை நான் விசாரிக்கவில்லையே என்றேன்.

"நான் இன்னும் திங்கதில்ல மேடம்" என்றாள். யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. "சூப்பர்வைசர் வாராரு. வைக்கேன்."